சுவரில் ஒரு பீர்க்காரி

தேவாலயச் சுவரில் படமே கூடாதென்று அரசன் உத்தரவிட்ட காலத்தில் பூசிய சுண்ணாம்பு, தூறலாய் உதிர்கிறது. சாரத்தில் நிற்கும் மார்கெரி சிறு கத்தியால் சுரண்டச் சுரண்ட, புதைந்து கிடந்த நரகம் வெளியே வருகிறது. கீழே, எதிரே மதுக்கடை நடத்தும் ஹெஸ்டர் ஞாயிறு ஆராதனைக்குப் பூ அடுக்குகிறாள். கண் மட்டும் பூவில் நிற்கவில்லை. மேலே ஓவியத்தில் ஒரு பிசாசு ஒருத்தியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அவள் கையில் ஒரு குவளை.

"இவ யாரு?"

"பீர் விக்கிறவ," என்கிறாள் மார்கெரி. "அளவு குறைச்சு ஊத்துனா அந்தக் காலத்துல நேரா நரகத்துல வரைஞ்சிடுவாங்க."

மணியடிக்கும் செட்ரிக் மணிக்கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்கிறான். "ஹெஸ்டர், மூக்கைப் பாரு, அப்படியே நீதான்! ஞாயித்துக்கிழமை ஊரே வந்து பாக்கப் போகுது."

"வாயை மூடுடா. நுரைக்கு இடம் விடாம எவன் பீர் ஊத்துறான்?"

நுரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வண்ணக் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் ஹெஸ்டரின் புறங்கையில் விழுகிறது; கையை இழுத்துக்கொள்கிறாள். கத்தி ஓயாமல் சுரண்டுகிறது. ஹெஸ்டர் பூச்சாடியில் தண்ணீர் ஊற்றுகிறாள். விளிம்பைத் தொட்ட பிறகும் நிறுத்தாமல் ஊற்றுகிறாள். தண்ணீர் வழிந்து கல்தரையில் ஓடுகிறது.