வாங்கி வைக்காத விரல்

வாசலில் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள்.

விட்டிருந்தால் சுருக்கெழுத்து அக்காவின் ஆள்காட்டி விரலையும் கழற்றி, டோக்கன் போட்டு வைத்திருப்பார்கள்.

உண்மையில் அதைத்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. 'ரத்தப் புற்றுநோயாளிகள் சங்கம்' என்று எழுதிய அட்டையை அவள் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் ஒரு கேமரா.

மேசைமேல், பத்து நாடுகள் சேர்ந்து போடப்போகிற தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தின் வரைவு. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அத்தனை தடிமன். எதிர்க்கிற சங்கங்களின் சார்பில் வாரத்துக்கு ஒரே ஒருவர் வந்து ஒரு மணி நேரம் படிக்கலாம். எழுதிக்கொள்ளக் கூடாது.

போன வாரம் வக்கீலை அனுப்பினார்கள். மனிதர் ஒரு மணி நேரம் படித்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். ரொம்ப நீளம் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த வாரம் கையெழுத்து. மருந்தைப் பற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தை பிசகாமல் தெரிந்தால்தான் ஊரைக் கூட்ட முடியும். சும்மா கத்தினால் வதந்தி என்று ஊதித் தள்ளிவிடுவார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் தினம் விழுங்குகிற ரத்தப் புற்றுநோய் மாத்திரை உள்ளூர்த் தொழிற்சாலையில் செய்வது. அது நின்றுபோனால் வெளிநாட்டு மாத்திரைதான். அதற்கு வீட்டை விற்க வேண்டும். மறு மாதம் விற்பதற்கு இன்னொரு வீடு வேண்டும்.

அக்கா மேசைக்கடியில் முழங்கால்மேல் விரலால் எழுதிக்கொண்டே முதல் பக்கத்தில் ஆரம்பித்தாள்.

நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம். கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் நேராக விரலுக்குப் போகும், மூளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நீதிபதி தும்மினால் தும்மலும் பதிவாகும். தன் பதவி உயர்வு உத்தரவையே எழுதி எடுத்து, தட்டச்சு செய்து, யாருக்கோ நல்ல காலம் என்று பக்கத்து மேசையில் சொன்னவள்.

எழுதியதை அந்த விரல் அப்படியே திரும்ப எழுதும். ஒரே நிபந்தனை, அதை இறக்கிவைக்கும்வரை யாரும் பக்கத்தில் பேசக் கூடாது. பேசினால் அதுவும் சேர்ந்துவிடும்.

எதிரே கண்காணிப்பு அதிகாரி. சட்டைக்குப் போட்ட கஞ்சியில் மீந்ததை முகத்துக்கும் போட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தார். ஆடவில்லை, அசையவில்லை. ஒரு தடவை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், அவ்வளவுதான்.

பதினெட்டாம் பக்கத்தில் மீன் வலைக்கான வரியில் போய்க்கொண்டிருந்தவள், ஏனோ தாள்களை மொத்தமாகப் புரட்டி நானூறைத் தாண்டிப் போனாள். விரல் மட்டும் நிற்கவில்லை.

வெளியே, எதிர்ச் சாரி டீக்கடையில் பதினோரு சங்கத்தார் ஊமைகளாக நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் பால் சங்கத் தலைவர், முன்னெச்சரிக்கையாக ஒரு முழு பன்னை வாயில் அடைத்திருந்தார். ஹாரன் அடித்த பேருந்தைப் பதினோரு பேரும் முறைத்த முறைப்பில், அது அடுத்த நிறுத்தத்தில்கூட நிற்காமல் ஓடிவிட்டது.

ஒரு மணி நேரம் முடிந்து அக்கா சாலையைத் தாண்டி வந்ததும், வழுக்கை விழுந்த மருந்துக்கடைக்காரர் நோட்டையும் பென்சிலையும் நீட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொக்கியும் கோடுமாக எழுதித் தள்ளினாள்.

பிறகு, ஏற்ற இறக்கமே இல்லாத நீதிமன்றக் குரலில் அதை வாசித்தாள். மருந்துக்கடைக்காரர் இன்னொரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

"மீன் வலைகளுக்கான வரி ஐந்து கட்டங்களாகக் குறைக்கப்படும். அம்மா, இந்த வேகத்துல போனா நீங்க மாத்திரைப் பக்கத்துக்கு வரவே மாட்டீங்க, நானூத்திப் பன்னிரண்டைப் புரட்டுங்க, எங்கப்பாவும் அதைத்தான் முழுங்குறாரு. காப்புரிமை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு வேறெந்தத் தொழிற்சாலையும் அம்மருந்தைத் தயாரிக்கலாகாது."

பென்சில் நின்றது.

"நடுவுல வந்ததே, அது எந்தப் பிரிவுக்கா?"

அக்கா தன் நோட்டைப் பார்த்தாள். அந்த வரி இப்போதுதான் விரலிலிருந்து கிளம்பி, மெதுவாக ஏறி, மூளைக்கு வந்து சேர்ந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

அழிப்பானை வாங்கினாள். தன் நோட்டில் அந்த வரியை அழித்தாள். அவர் நோட்டை இழுத்து அதிலும் அழித்தாள். தூளை ஊதிவிட்டாள்.

"அங்க ஒருத்தர் இருமினாரு, தம்பி. பழக்கதோஷம், அதையும் எழுதிட்டேன்."