ஒரு 'உம்'

"திறக்க மாட்டேங்குதும்மா" என்றார் காப்பகத்துப் பச்சையம்மாள், கேட்டுக்கு உள்ளே நின்றபடி.

கேட்டில் இருந்த ரேகைக் கருவியில் மறுபடி விரலை வைத்தேன். மறுபடி சிவப்பு விளக்கு. உள்ளே என் இரண்டு வயது கிரண் அழுதுகொண்டிருந்தான்.

"காலையில பச்சை வந்துச்சே! என்ன பண்ணீங்க?"

"ரூலை மாத்தினேன்."

கம்பி வழியாக டேப்லெட்டைக் காட்டினார். பட்டுத்தறிக்குப் போகும் பெண்களுக்காக ஆரணியில் நடக்கும் காப்பகம் அது. எந்தக் குழந்தையை யாரோடு அனுப்பலாம் என்று சாதாரணத் தமிழில் எழுதினால் போதும். அந்த மென்பொருளே எல்லா வழியும் அலசி, ஓட்டை இருந்தால் கேள்வி கேட்கும். எட்டாவது படித்தவரும் எழுதலாம் என்றுதான் கொடுத்திருந்தார்கள்.

'கிரணை அம்மாவும் அப்பாவும் வந்தால் அனுப்பலாம்.'

என்று அதில் இருந்தது.

"அம்மாவாவது அப்பாவாவதுன்னு தானே இருந்துச்சு? 'உம்' போட்டா ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்னு அர்த்தமாயிடும். இதுகூடவா தெரியாது?"

"தெரியும். 'ஒருத்தர் மட்டும் வந்தா?'ன்னு அதுவே கேட்டுச்சு. கூடாதுன்னு அமுக்கினேன்."

"எல்லா குழந்தைக்குமா?"

"கிரணுக்கு மட்டுந்தான்."

புரிந்துவிட்டது. பாலைச் சூடாகக் கொடுத்தார் என்று போன வாரம் அவர் மேல் புகார் எழுதியிருந்தேன்.

"குழந்தைகிட்டயா பழி வாங்கறீங்க? போலீசைக் கூப்பிடுவேன்!"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. என் தோளுக்குப் பின்னால் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தாத சுகன்யா. ஜல்தியா மாத்த முடியாது. எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் உடும்."

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். வட்டம் சுற்றியது, சுற்றியது. கிரண் தேம்பினான்.

பச்சை. கேட் திறந்ததும் அவனை வாரிக்கொண்டேன்.

"நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்றேன்."

"சொல்லு. ஆனா இன்னிக்கு உன் வூட்டுக்குப் போவாத, உங்கம்மா வூட்டுக்குப் போ. நாலு மணிக்கு உன் வூட்டுக்காரர் துணிப்பையோட வந்தாரு. வேலூர் போறேன், புள்ளைய குடுன்னாரு. தெருமுனை டீக்கடையில அவர் நின்னுகினு இருந்தப்பவே பாத்து மாத்திட்டேன். இப்போ உன் பின்னாடி வர்றாரோன்னுதான் பாத்துகினு இருந்தேன்."

என் கை தானாகத் துப்பட்டாவை இழுத்துக் கழுத்துக் காயத்தை மூடியது. யார் அடித்ததென்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

"அப்பா வரக்கூடாதுன்னே எழுதியிருக்கலாமே, அக்கா?"

"எழுதினா, நீ சொல்லித்தான் எழுதினேன்னு உன்னையில்ல வந்து அடிப்பாரு? 'உம்' போட்டதால, தெரியாம எழுதிட்டேன்னு நெனச்சு, படிக்காத கம்னாட்டின்னு என்னைத் திட்டிட்டுப் போயிட்டாரு."