நீலமா பச்சையா

இந்திராணி இரண்டு வண்ண அட்டைகளைக் கணவர் முன்னால் நீட்டினாள்.

“இளவரசி ரூமுக்குங்க. ஒண்ணு கருநீலம், ஒண்ணு கரும்பச்சை. எதை அடிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

சிவராஜ் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். சுவருக்கு இவ்வளவு இருட்டான நிறமா என்று முகம் சுளித்தார். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, இப்போது எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்று அவள் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

அவர் அட்டைகளோடு வாசலுக்குப் போனார். பட்டு நூலையும் அப்படித்தான் பார்ப்பார். டியூப்லைட்டை நம்பமாட்டார்.

காலை வெயிலில் சாய்த்தார், திருப்பினார், கண்ணருகே கொண்டுபோனார்.

திட்டுங்க, ஒரே ஒரு வார்த்தை திட்டிடுங்க என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

போன மாதம் ஒரு முகூர்த்தப் புடவை திரும்பி வந்துவிட்டது. கருநீல உடலின் நடுவே ஒரு சாண் அளவுக்குக் கரும்பச்சை ஊடை நூல் குறுக்கே ஓடியிருந்தது. கல்யாண வீட்டார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலான தாரில் நூல் சுற்றித் தருவது இந்திராணிதான். “நீதான் தாரை மாத்திக் குடுத்துட்ட” என்றார் சிவராஜ். முதலாளி முன்னால் அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

இன்னொரு புடவை கெட்டால் தறி இருக்காது என்று முதலாளி சொல்லிவிட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றாலோ சிவராஜ் எரிந்து விழுகிறார்.

தாயே காமாட்சி, அந்தத் தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். தடுமாறியது என் கையாக இருக்கட்டும். வேறெதுவும் வேண்டாம். காலையிலிருந்து இதே வேண்டுதல்தான். இதற்காகத்தான் பெயின்ட் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டைகளின் அடியில் இருந்த பெயர்களைக் கத்தரியால் நறுக்கி எறிந்தாள்.

சிவராஜ் திரும்பி வந்தார். முகத்தில் பெருமை.

“இந்தா, இது நீலம். எவ்ளோ நல்லா நிக்குது பாரு. அந்தப் பச்சை வேணாம்மா, ரூமே இருண்டுபோய்டும்.”

“சரிங்க.”



அவர் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, தாருக்காகக் கையை நீட்டினார். கூடையில் நீலமும் பச்சையும் கலந்து கிடந்தன. அவள் ஒரு நீலத் தாரைப் பொறுக்கி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பச்சைத் தார்களையெல்லாம் மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தனக்காவது ஏதாவது வித்தியாசம் தெரியாதா என்று. ஒரே நீலத்தில் இரண்டு அட்டை கேட்டதற்குத்தான் அந்தக் கடைக்காரர் சிரித்தார்.