நாற்காலி போட்டு ஏறுவான்

“இது இருமல் மாத்திரை அக்கா. கடிக்கக் கூடாது, சப்பவும் கூடாது. தண்ணியோட முழுசா முழுங்கணும்,” என்றாள் மருந்துக்கடைப் பெண். “வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?”

“ஒரு பையன். நாலு வயசு.”

மாத்திரை வாங்க வந்தவளின் பக்கத்தில் அவள் கணவன் இருமிக்கொண்டு நின்றான்.

“அப்ப ரொம்ப கவனமா இருங்க. பார்க்க மிட்டாய் மாதிரி பளபளன்னு இருக்கும். குழந்தைங்க ஒண்ணு ரெண்டு வாயில போட்டாலே உயிருக்கு ஆபத்து.”

“அலமாரி மேல்தட்டுல வச்சா போதுமாம்மா?”

“அவனுக்கு எட்டாதுல்ல?”

“நாற்காலி போட்டு ஏறுவான். சரியான வாலு.”

கணவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“அப்ப பூட்டி வைங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“தெரியாம வாயில போட்டுட்டா, ஒரு நிமிஷம்கூடப் பார்த்துட்டு நிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. அவ்வளவுதான்க்கா.”

அவள் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கணவன் மெதுவாகக் கேட்டான்.

“அவன் போய் ஒரு வருஷம் ஆச்சு. எதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்ன?”

“போன தடவை இதே மாத்திரை வாங்கினப்பவும் இந்தக் கடையில இதையெல்லாம் சொல்லத்தான் வந்தாங்க. பஸ் வந்துடுச்சு, எல்லாம் தெரியும்னு சொல்லிட்டு, மாத்திரையைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு ஓடி வந்தேன். இன்னிக்காவது முழுசாக் கேட்டுடணும்னு தோணுச்சுங்க.”

பஸ் வந்து நின்றது. இருவரும் எழுந்திருக்கவில்லை.