சின்னப் பல்லு டீச்சர்

அவள் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, மாரிக்கனியின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு தின்னு. என்ன ஆயிரப் போவுது."

மாரிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். ரசத்தில் குழையப் பிசைந்த சோற்றை ஸ்பூனால் விழுங்கிக்கொண்டிருந்தாள். பல்லில் கம்பியை இறுக்கிவிட்டு வந்தால் சில நாளைக்கு அவளுக்கு அதுதான் சாப்பாடு.

ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, மாரிக்கனி சிரித்தபோதுதான் தெரிந்தது. மேல்வரிசை முழுக்கக் கம்பி. நாற்பத்து மூன்று வயதில், பிள்ளைகள் போடுகிற கிளிப்.

இவளிடம் சொல்லாமல் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"சொன்னா நீ வேண்டாம்பே. பெறகு நான் போக மாட்டேன்" என்றாள் அன்று.

அது உண்மைதான். அதனால்தான் இவளுக்கு இன்னும் எரிந்தது.

இருவருக்கும் முன்பல் தூக்கல். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேசையில் சாப்பாடு. குரூப் போட்டோ என்றால் இருவரும் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் முன்னால் சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார்கள். தனியாக இருக்கும்போது மட்டும், கண்ணில் நீர் வர, வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் வைத்திருந்த பெயரும் இருவருக்கும் தெரியும். மாரிக்கனி பெரிய பல்லு டீச்சர். இவள் சின்னப் பல்லு டீச்சர்.

அந்தச் 'சின்ன'வில் இவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

அதை யாரிடமும் சொன்னதில்லை. மாரிக்கனியிடமும்.

மாதம் போகப் போக மாரிக்கனியின் உதடுகள் மூட ஆரம்பித்தன. முகமே வேறாகிக்கொண்டு வந்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் வராந்தாவில் வழிமறித்து, "டீச்சர், அழகா இருக்கீங்க" என்றார்கள். நேற்று தலைமையாசிரியர் வந்து, ஆண்டு விழாவில் மேடையேறி நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பேச முடியுமா என்று மாரிக்கனியிடம் கேட்டார்.

மாரிக்கனி உடனே சரி என்றாள். திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இவள் விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். மேலுதட்டை இழுத்துப் பல்லின் மேல் மூடினாள். மூடியது. கையை எடுத்ததும் திறந்துகொண்டது.

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக மிட்டாய்க் கடைக்குப் போனாள். கேட்டு வாங்கினாள். பாகு நன்றாக முற்றியதாக. கெட்டியாக.

கடலைமிட்டாய் என்றால் மாரிக்கனிக்கு உயிர்.

மாரிக்கனி ஒரு துண்டை எடுத்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"எனக்காகவா வாங்குன?"

"பின்னே? உனக்குத்தான பிடிக்கும்."

"நீ எங்கிட்டப் பேசியே நாளாச்சு."

இவள் பொட்டலத் தாளின் ஓரத்தை மடித்தாள். விரித்தாள்.

மாரிக்கனி துண்டை வாயில் வைத்தாள். கடைவாய்க்குத் தள்ளவில்லை. முன்பல்லாலேயே கடித்தாள்.

ஒரு சத்தம். கடலை உடைகிற சத்தம் இல்லை.

உள்ளங்கையில் துப்பினாள். நசுங்கிய மிட்டாய்க்கு நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஓர் உலோகத் துண்டு. விட்டுப்போன கம்பியின் முனை உள்ளே எங்கோ குத்தியிருக்க வேண்டும். உதட்டோரம் ரத்தம் வந்தது.

இவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கலப்பே இல்லாத சந்தோஷம்.

பிறகுதான் கைக்குட்டையைத் தேடினாள்.

சாயங்காலம் மாரிக்கனியின் ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். மாரிக்கனி பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்தது புதுப் பெண். நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. மாரிக்கனி உதட்டை மூடியிருந்தாள். அந்தப் பெண்ணின் பார்வை மாரிக்கனியைத் தாண்டி இவள் வாயில் வந்து நின்றது.

"உங்களுக்குத்தான மேடம் பாக்கணும்?"

"எனக்குத்தாம்மா" என்றாள் மாரிக்கனி அவசரமாக. "இவங்க துணைக்கு வந்துருக்காங்க."

கைப்பையை இவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

டாக்டரின் குரல் கேட்டது.

"கெட்டியா எதுவும் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல? ரெண்டு பல்லுல கிளிப் விட்டுப் போயிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

"கடலைமிட்டாய், டாக்டர்."

"யாரும் குடுத்தாங்களா?"

"இல்ல. நானாத்தான் வாங்கித் தின்னேன். ஆசையா இருந்துச்சு."

கைப்பை இவள் மடியில் கனத்தது.

இறக்கி நாற்காலியில் வைத்தாள். எழுந்தாள். திரைச்சீலையை விலக்கினாள்.

விளக்குக்குக் கீழே மாரிக்கனி வாயை அகலத் திறந்து படுத்திருந்தாள். பேச முடியாது. இவளைக் கண்டதும் தலையை லேசாக ஆட்டினாள்.

வேண்டாம்.

"அசையாதீங்க" என்றார் டாக்டர்.

அந்த வெளிச்சத்தில் எல்லாப் பற்களும் தெரிந்தன. எவ்வளவு நேராகிவிட்டன.

"டாக்டர், அந்தக் கடலைமிட்டாய்..." என்றாள் இவள்.