எண்பதைத் தாண்ட வேண்டும்

“எழுபத்தொண்ணுலேயே நிக்குது சார். இன்னும் ஒன்பது ஏறணும்,” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஏறும், ஏறும். மனசைத் தளரவிடாதீங்கம்மா,” என்றார் எதிர்மேசைக்காரர்.

வாசலில் நின்று கேட்டவர், யாருக்கோ காய்ச்சல் ஏற வேண்டுமென்று இருவரும் வேண்டிக்கொள்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். ஏற வேண்டியது அவளுடைய கணினியில் மெமரி நிரம்பும் விழுக்காடு. திரையின் மூலையில் ஒரு சிறிய கட்டம் அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிப்பகத்தில் அவள் பக்க வடிவமைப்பாளர். எதிர்மேசைக்காரர் மெய்ப்புத் திருத்துபவர். அவள் கையில் இருந்தது சிறுவர்களுக்கான விலங்குக் களஞ்சியம், முந்நூற்றிருபது பக்கம். சனிக்கிழமைக்குள் அது அச்சுக்குப் போனால்தான் விடுப்பு என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்தால்தான் அக்காவின் முதல் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியும். கணினியோ, யானைப் பக்கத்தைத் திறந்தால் யானையைப் போலவே படுத்துக்கொண்டது.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவருக்கு ‘அளவுகோல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அளக்காமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்.

“ஸ்டோர்ல இருக்கிறது ஒரே ஒரு மெமரி சிப்பு. நீங்களும் கேக்குறீங்க, எதிர்சீட்டு சாரும் கேக்குறாரு,” என்று நேற்றுக் காலையில் சொல்லியிருந்தார். “நாளைக்கு முழுநாள் உங்க சிஸ்டம் ஓடட்டும். நாலு மணிக்கு வந்து பார்ப்பேன். எண்பதுதான் கோடு. அதை வச்சுத்தான் முடிவு.”

இன்று காலை, தண்ணீர்ப் புட்டியின் மூடியை அவள் திருகி முடிப்பதற்குள் கணினி கண்விழித்துவிட்டது. மற்ற நாள்களில் அந்த இடைவெளியில் ஒரு காபி குடித்துக் குவளையைக் கழுவியும் வைத்துவிடலாம். பத்து மணிக்கே தொண்ணூறைத் தொடும் எண், நாற்பதில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவள் நொந்துகொண்டாள். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் நெடுநாளாய்ப் படிந்திருந்த தூசியைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள். வேண்டாத நாளில்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

அப்போதுதான் மெய்ப்புத் திருத்துபவர் வாய் திறந்தார். மூன்றாண்டுகளாக ஒற்றுப்பிழையைச் சுட்டுவதற்கன்றி வாய் திறக்காத மனிதர்.

“அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். இருக்கிறதையெல்லாம் திறந்து விடுங்க.”

“உங்களுக்கும் மெமரி வேணும்னு கேட்டிருந்தீங்களே சார்?”

“எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு எதுக்கு அதெல்லாம்? உங்க அக்கா பிரசவம் பெருசா, என் மெமரி பெருசா?”

அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணியிருந்ததற்காக அவள் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

களஞ்சியத்தின் எல்லா இயல்களையும் ஒருசேரத் திறந்தாள். சென்ற ஆண்டின் பறவைகளையும் அதற்கு முந்தைய ஆண்டின் மீன்களையும் துணைக்கு அழைத்தாள். எந்தக் காட்டிலும் கூடியிராத உயிர்களெல்லாம் அந்தத் திரையில் கூடின. எண் எழுபத்தொன்றில் வந்து நின்றது. அதன் பிறகு இரண்டு மணிநேரம் எறும்புகளையும் வண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாள். எழுபத்து நான்கு.

“அக்கா கல்யாண வீடியோ வச்சிருப்பீங்களே?” என்றார் அவர், மெய்ப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளில் மூன்று முறை திறந்தாள். மூன்று கட்டங்களில் ஒரே சமயத்தில் அக்கா மணப்பெண்ணாகச் சிரித்தாள். எண்பது தாண்டியது, தொண்ணூறு தாண்டியது. நான்கு மணிக்குத் தொண்ணூற்று மூன்று. அன்று ஒரு பக்கமும் வடிவமைக்கப்படவில்லை என்பதை நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அளவுகோல் சொன்ன நேரத்துக்கு வந்தார். குனிந்து கட்டத்தைப் பார்த்தவருடைய முகம் வாடியது.

“தொண்ணூத்தி மூணா? வழக்கமான வேலைதானே மேடம் பார்த்தீங்க?”

“தினமும் இதேதான் சார். இன்னிக்குக் கொஞ்சம் கம்மின்னே சொல்லலாம்.” சொல்லிக்கொண்டே அவள் அக்காவைச் சட்டென்று மறைத்தாள்.

“அப்ப உங்களுக்கு மெமரியால பிரயோசனமே இல்ல. ரெண்டு மடங்கு ஆக்கியும் பத்தலைன்னா நான் என்ன பண்ண?”

“எதை ரெண்டு மடங்கு ஆக்கினீங்க?”

“நேத்து நீங்க வீட்டுக்குக் கிளம்பினதும் புது மெமரியை உங்க பெட்டியிலதானே மாட்டினேன்! எண்பதுக்குள்ள நின்னா உங்களுக்கே விட்டுடலாம்னு இருந்தேன். முன்னாடியே சொல்லிட்டா அளவு சுத்தமா இருக்காது பாருங்க, அதான் சொல்லல.” சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். “சரி, கழட்டி சாருக்குப் போட்டுடறேன்.”

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இது... வேற யாருக்காவது தெரியுமா?”

“யாருக்குத் தெரியும்? நேத்து சாயங்காலம் நானும் எதிர்சீட்டு சாரும்தான் இருந்தோம்.”

அவள் மெல்லத் திரும்பினாள். மெய்ப்புத் திருத்துபவர் தம் கணினியை அணைத்து, பெட்டியின் மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நேத்து நான் பிடிச்சேன், இன்னிக்கு நீங்க பிடிங்கம்மா.”