நானே பார்த்தேன்

அந்தப் பேட்டையில் எட்டுத் தெரு நாய்களும் குரைத்தே சேதி பரப்பும். எந்த டீக்கடையில் பொறை ரொட்டி போடுவார்கள், பெரிய சாலையை எப்படிக் கடப்பது, எல்லாமே செவலை என்ற நாய் அப்படிக் கேட்டுக் கற்றதுதான். போன மாதம் நாய் பிடிக்கும் வண்டி வந்தபோது அதன் உயிரைக் காப்பாற்றியதும் தூரத்துத் தெருவின் குரைப்புதான்.

ஒரு நாள் காலை பக்கத்துத் தெருவிலிருந்து சேதி வந்தது. "நீலச் சட்டைக்காரன் பையோட வர்றான். நாய் பிடிக்கிற ஆளாம்!"

செவலை உடனே அதை உரக்கக் குரைத்தது. வெறும் சேதியை யார் மதிப்பார்கள்? "நானே பார்த்தேன்!" என்றும் சேர்த்துக்கொண்டது.

காதில் புண்ணோடு படுத்திருந்த கருப்பி, அதைக் கேட்டதும் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது. மற்ற நாய்கள் நீலச் சட்டைக்காரரைத் துரத்தின. அவர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். பஞ்சும் களிம்பும் தெருவில் சிதறின.

கருப்பி வெளியே வந்து மோந்து பார்த்தது.

"போன வாரம் சந்தையில என் காதுக்கு மருந்து போட்டவர்டா இவர். நீ பார்த்தேன்னு சொன்னதாலதான் ஒளிஞ்சேன். நிஜமாவே பார்த்தியா?"

செவலை பின்வாங்கி நகர்ந்தது.

அதற்குள் எட்டுத் தெருவும் குரைத்தது. "அவனை விரட்டினது நம்ம செவலையாம்! என்ன தைரியம்!"

'நான் பார்க்கவே இல்லை' என்று ஒரு தடவை குரைத்தால் போதும். ஆனால் செவலை வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தது. பாராட்டு அங்கேயும் கேட்டது. அதைவிடப் பக்கத்தில், கருப்பி தன் காதைச் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டது.